காசநோய்க் கிருமியின் மரபணு மாற்றங்கள்: மருந்து தவறுவது ஏன்? தொற்று வந்த வழி எது?

காசநோய் என்று உறுதிப்பட்டதும் நோயாளியும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பல. அவற்றுள் இரண்டு ஏறக்குறைய எல்லா வீடுகளிலிருந்தும் வருகின்றன. "இது யாரிடமிருந்து வந்தது?" என்பது ஒன்று. "இந்த மாத்திரைகளுக்குக் கட்டுப்படுமா?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி பல வேளைகளில் கேள்வியாக நிற்பதில்லை. வீட்டில் உள்ள ஒருவர் மீது விழும் பழியாக மாறிவிடுகிறது. இரண்டாவது கேள்வி அச்சமாக வளர்ந்து, சிலரை மாத்திரையையே இடையில் நிறுத்தச் செய்கிறது.

இவ்விரண்டுக்கும் உரிய விடையின் பெரும்பகுதி ஒரே இடத்தில் பதிந்திருக்கிறது. அந்த இடம் நோயை உண்டாக்கும் கிருமியின் மரபணு. அதில் நேரும் சிறு மாற்றங்கள் மருந்தை எவ்வாறு செயலற்றதாக்குகின்றன, அதே மாற்றங்கள் தொற்று வந்த வழியை அறிய எவ்வாறு உதவுகின்றன, எந்த எல்லைக்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

கிருமியும் அதன் ஏடும்

காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிரி என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். அந்நாளையே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அதற்கு முன்பு இந்நோய் பரம்பரையாக வருவது என்று கருதியவர் பலர். பெற்றோரின் மரபணு வழியாக இந்நோய் பிள்ளைக்கு வருவதில்லை. இக்கட்டுரையில் மரபணு என்று நாங்கள் குறிப்பிடுவது கிருமியின் மரபணுவையே அன்றி, நோயாளியின் மரபணுவை அன்று. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

எல்லா உயிர்களையும் போலவே இக்கிருமிக்கும் தன் உடலை எப்படி அமைப்பது, உணவை எப்படிப் பெறுவது, எப்படிப் பெருகுவது என்பவற்றைச் சொல்லும் ஓர் ஏடு உண்டு. டி.என்.ஏ. என்பது அதன் பெயர். அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் ஆகிய நான்கே எழுத்துகளால் அது எழுதப்பட்டுள்ளது. 1998ஆம் ஆண்டில் இங்கிலாந்து, பிரான்சு நாடுகளின் ஆய்வாளர்கள் காசநோய்க் கிருமியின் ஏடு முழுவதையும் முதன்முறையாகப் படித்து வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும், 4,000 அளவிலான மரபணுக்களும் உள்ளன.

படியெடுக்கும்போது நேரும் பிழை

ஒரு கிருமி இரண்டாகப் பிரியும்போது இந்த ஏடும் படியெடுக்கப்படுகிறது. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த முறையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். எழுதுபவர் எவ்வளவு கவனமாக இருப்பினும், எங்கேனும் ஓர் எழுத்து மாறிவிடும். பின்னர் அச்சுவடியைப் பார்த்துப் படியெடுப்பவர், முன்னவரின் பிழையையும் சேர்த்தே எழுதுவார். சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றின் பாடபேதங்களை ஒப்பிட்டே பதிப்பித்தார். அவ்வாறு ஒப்பிடும்போது இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கிருமியின் ஏட்டில் நேரும் இத்தகைய எழுத்து மாற்றத்தையே மரபணு மாற்றம் என்கிறோம். பாடநூல்கள் சடுதிமாற்றம் என்றும் கூறும். பெரும்பாலான மாற்றங்களால் கிருமிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில மாற்றங்கள் கிருமியையே அழித்துவிடும். மிகச் சில மட்டும் கிருமிக்குப் புதியதொரு வலிமையைத் தருகின்றன. அவ்வலிமைகளுள் நமக்குப் பெருங்கேடு விளைவிப்பது மருந்தை எதிர்க்கும் ஆற்றல்.

காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. குடலில் வாழும் சில நுண்ணுயிரிகள் 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரிய வல்லவை. காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதன் ஏட்டில் மாற்றங்களும் மெதுவாகவே சேர்கின்றன. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஆராய்ந்ததில், சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாற்றம் என்ற அளவில் அவை சேர்வது தெரியவந்தது. இந்த மெதுவான நடையே பின்னர் நாம் காணப்போகும் தடமறிதலுக்கு அடிப்படை.

மருந்து மாற்றத்தை உண்டாக்குவதில்லை, தேர்ந்தெடுக்கிறது

"மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு என் உடம்புக்குப் பழகிவிட்டது" என்று நோயாளிகள் சிலர் கூறுவதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாமற் போவது உடம்பு அன்று, கிருமி. அக்கிருமியும் மருந்தைக் கண்டு தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மருந்து உடலுக்குள் வருவதற்கு முன்பே, தற்செயலான எழுத்துப்பிழையால் அந்த மருந்தை எதிர்க்கவல்ல சில கிருமிகள் கூட்டத்துக்குள் தோன்றியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, எஞ்சிய அச்சில கிருமிகள் தடையின்றிப் பெருகும்.

எடுத்துக்காட்டாக ரிஃபாம்பிசின் என்னும் மருந்தைக் கொள்வோம். கிருமி தன் மரபணுச் செய்தியைப் படித்துச் செயற்படுத்த ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. ரிஃபாம்பிசின் அந்நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. அந்நொதியின் ஒரு பகுதியை அமைக்கும் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில், 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அதில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டும் இடத்தின் வடிவம் மாறிவிடலாம். மருந்து பயனற்றுப் போகலாம். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95இல் பிழை இச்சிறு பகுதியிலேயே இருக்கிறது.

ஐசோனியசிட் மருந்தின் கதை வேறு. அது செயலற்ற வடிவில் கிருமிக்குள் நுழைகிறது. கிருமியின் சொந்த நொதி ஒன்றே அதைச் செயல்படும் மருந்தாக மாற்றுகிறது. அந்த நொதியை அமைப்பது கேட்-ஜி என்னும் மரபணு. அதில் பிழை நேர்ந்தால், மருந்து உள்ளே சென்றும் விழித்தெழாமல் கிடக்கும்.

நான்கு மருந்துகள் ஏன்? ஆறு மாதம் ஏன்?

இவ்விடத்தில் ஒரு கணக்கைப் பார்ப்போம். நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியின் உடலில் 10 கோடி கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஐசோனியசிட்டை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று; ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. அப்படியாயின், ஒருமுறைகூட மருந்து உண்ணாத அந்நோயாளியின் உடலிலேயே ஐசோனியசிட்டுக்குக் கட்டுப்படாதவை 100 கிருமிகளும், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாதது ஒன்றும் இருக்கக்கூடும். ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் அந்த 100 கிருமிகளும் தப்பிப் பெருகும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நிலைமை வேறாகிறது. இரண்டு பிழைகளும் ஒரே கிருமியில் ஒருங்கே அமையும் வாய்ப்பு, அவ்விரு எண்களின் பெருக்கமாகும். அதாவது 100 லட்சம் கோடியில் ஒன்று. எந்த நோயாளியின் உடலிலும் அவ்வளவு கிருமிகள் இருப்பதில்லை. ஆகவே ஒரு மருந்திடமிருந்து தப்பிய கிருமியை மற்றொரு மருந்து கொன்றுவிடுகிறது.

இந்த உண்மையை மருத்துவ உலகம் கடும் பட்டறிவால் கற்றது. காசநோய்க்கான முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துச் சோதித்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 1948இல் வெளிவந்தது. நோயாளிகள் முதலில் விரைந்து தேறினர். ஆனால் சில மாதங்களுக்குள் பலரிடம் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றின. இரண்டாவது மருந்தொன்றைச் சேர்த்த பின்னரே இந்த இடர் குறைந்தது.

இன்று நம் நாட்டில் மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் தரப்படுகின்றன. முதற்சில வாரங்களிலேயே காய்ச்சல் நின்று, பசி எடுத்து, எடை கூடத் தொடங்கும். விரைந்து பெருகும் கிருமிகள் அப்போது மடிந்துவிட்டன என்பதே அதன் பொருள். மெதுவாகப் பெருகுவனவும் உறங்கிக் கிடப்பனவும் இன்னும் உயிரோடு இருக்கும். எஞ்சிய மாதங்கள் அவற்றை அழிப்பதற்கே உரியவை.

மாத்திரைகளை விட்டுவிட்டு உண்பதால் வரும் கேடும் இதிலிருந்து விளங்கும். ஒவ்வொரு மருந்தும் உடலில் வெவ்வேறு கால அளவு தங்குகிறது. கிருமிகளைக் கொல்லும் வேகமும் வெவ்வேறு. அடிக்கடி இடைவெளி விழும்போது, ஒரு மருந்து மட்டுமே கிருமியை எதிர்த்து நிற்கும் நாட்கள் உண்டாகின்றன. தனி மருந்து கொடுத்த 1948ஆம் ஆண்டு நிலைக்கே உடல் திரும்பிவிடுகிறது.

மாத்திரையைத் தவறவிடாதவருக்கும் எதிர்ப்புக் கிருமி வருவது எப்படி?

"நான் இதற்கு முன் காசநோய்க்கு மருந்தே உண்டதில்லை. எனக்கு எப்படி மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தது?" என்று மனம் வெதும்பிக் கேட்பவர்கள் உண்டு. மருந்தை எதிர்க்கும் கிருமி ஒருவர் உடலில் உருவான பின், எல்லாக் காசநோய்க் கிருமிகளையும் போலவே காற்றின் வழியாக அடுத்தவருக்குச் செல்லும். அதைப் பெற்றவருக்கு நோய் தொடங்கும் முதல் நாளிலேயே எதிர்ப்பு இருக்கும். அதில் அவர் தவறு ஏதும் இல்லை.

இந்தியாவில் 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய ஆய்வில், முன்பு மருந்து உண்டவர்களில் 11.60 விழுக்காட்டினரிடம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டுக்கும் கட்டுப்படாத கிருமி காணப்பட்டது. மருந்தே உண்டிராத புதிய நோயாளிகளிடம் இது 2.84 விழுக்காடு. பின்னவர்கள் பிறரிடமிருந்து எதிர்ப்புக் கிருமியையே நேராகப் பெற்றவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலம் இதற்கு மிகத் துயரமான சான்று. அங்குள்ள டுகேலா ஃபெரி என்னும் சிற்றூரில், பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயால் 53 பேர் பாதிக்கப்பட்டு 52 பேர் மாண்டனர் என்று 2006இல் வெளியான அறிக்கை உலகை அதிரச் செய்தது. அம்மாநிலத்தில் இத்தகைய நோயுற்ற 404 பேரை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அவர்களுள் 69 விழுக்காட்டினர் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு முன்னர் மருந்தே உண்டதில்லை என்று காட்டியது. மருந்தைத் தவறவிட்டதால் அன்று, தொற்றினாலேயே அவர்களுக்கு அந்நோய் வந்தது. ஆகவே எதிர்ப்பு நோயைத் தடுக்க மாத்திரையை ஒழுங்காக உண்ணச் சொல்வது மட்டும் போதாது. தொற்றின் வழியையும் கண்டறிந்து அடைக்க வேண்டும்.

பிழைகளை ஒப்பிட்டு வழியை அறிதல்

இரு நோயாளிகளின் சளியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, அவற்றின் 44 லட்சம் எழுத்துகளையும் படித்து ஒப்பிடுவதை முழு மரபணுத்தொகுதி வரிசையறிதல் என்கிறோம். இரண்டு ஏடுகளுக்கும் இடையே வேறுபடும் எழுத்துகள் எத்தனை என்று எண்ணுவதே இதன் சாரம்.

இங்கிலாந்தின் மத்தியப் பகுதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. வேறுபாடு 5 எழுத்துகளோ அதற்குக் குறைவாகவோ இருப்பின், இருவருக்கும் இடையே அண்மைக் காலத் தொற்றுத் தொடர்பு இருக்கக்கூடும். 12 எழுத்துகளுக்கு மேல் வேறுபட்டால் அத்தகைய தொடர்பு இல்லை என்றே கொள்ளலாம். இடைப்பட்டவற்றை மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் இம்முறை காசநோய் அறிதலில் வழக்கமாகப் பயன்படுத்தப்படுகிறது.

இதற்கு முன்பும் கிருமியின் மரபணுக் கைரேகையை எடுக்கும் முறைகள் இருந்தன. அவை ஏடு முழுவதையும் படிப்பதில்லை; சில இடங்களை மட்டும் பார்ப்பவை. நூலின் அட்டையையும் சில பக்கங்களையும் பார்த்து இரண்டு நூல்களும் ஒன்றே என்று முடிவு செய்வதைப் போன்றது அது. அதன் குறைபாட்டைக் கனடாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கியது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் ஒரு நடுத்தர ஊரில், மூன்று ஆண்டுகளுக்குள் காசநோய் திடீரெனப் பெருகியது. பழைய கைரேகை முறையில் எல்லாக் கிருமிகளும் ஒரே வகையாகத் தெரிந்தன. எனவே ஒரே மூலத்திலிருந்து எல்லாருக்கும் பரவியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றியது. ஆனால் அம்மூலம் யார் என்பது விசாரணையில் புலப்படவில்லை. பின்னர் 36 கிருமி மாதிரிகளின் ஏடுகளை முழுமையாகப் படித்தபோது, அங்கு இருந்தவை ஒரே வகை அல்ல, இரு வேறு கிளைகள் என்பது தெரிந்தது. இரண்டு தொற்றுச் சங்கிலிகள் ஒரே காலத்தில், ஒரே ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. 2011இல் இந்த ஆய்வு வெளிவந்தது. கிருமி திடீரென வீரியம் பெற்றுவிடவில்லை. அவ்வூரில் ஒருவகைப் போதைப்பொருள் பயன்பாடு பெருகியதும், அதற்காக மக்கள் கூடிய சூழலுமே இரு கிளைகளும் ஒருங்கே பரவக் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அதனால் தடுப்புப் பணியைத் தனியொரு மனிதரிடம் தேடாமல், மக்கள் கூடும் இடங்களை நோக்கித் திருப்ப வேண்டும் என்பது தெளிவாயிற்று.

நோய் மீண்டும் வந்தவர்களுக்கும் இம்முறை உதவுகிறது. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் காசநோய் வந்தால், பழைய கிருமியே விழித்தெழுந்ததா, புதிய தொற்றா என்ற ஐயம் எழும். பழைய மாதிரியும் புதிய மாதிரியும் கிடைத்தால், இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டு விடை காணலாம். சில எழுத்துகளே வேறுபட்டால் பெரும்பாலும் பழைய நோய். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் புதிய தொற்று. முன்னதாயின் சிகிச்சையை ஆராய வேண்டும். பின்னதாயின் அவர் வாழும், வேலை செய்யும் சூழலை ஆராய வேண்டும்.

மரபணு சொல்லாதவை

இனி முதற்கேள்விக்கு வருவோம். "யாரிடமிருந்து வந்தது?" என்பதற்கு இப்பரிசோதனை விடை சொல்லுமா? கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மருமகளுக்கு முதலில் காசநோய் கண்டறியப்படுகிறது. மூன்று மாதம் கழித்து மாமியாருக்கும் அதே நோய் தெரியவருகிறது. "மருமகள்தான் கொண்டுவந்தாள்" என்று உறவினர் பேசத் தொடங்குகின்றனர்.

இருவரின் கிருமிகளையும் வரிசையறிந்து பார்த்தபோது 60 எழுத்துகள் வேறுபடுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இருவரும் வெவ்வேறு இடங்களில் தொற்றுப் பெற்றவர்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது வியப்புக்குரியதன்று. தொற்று உடலில் புகுந்து பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ, நீரிழிவு முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ நோயாக வெளிப்படுவதும் உண்டு.

மாறாக, ஓர் எழுத்து மட்டுமே வேறுபடுவதாகக் கொள்வோம். தொடர்பு இருப்பது உறுதியாகிறது, திசை உறுதியாவதில்லை. மருமகளிடமிருந்து மாமியாருக்குச் சென்றிருக்கலாம். மாமியாருக்கு நெடுநாள் இருந்த இருமலை வயதின் காரணம் என்று விட்டுவிட்டதால், அவரிடமிருந்து மருமகளுக்கு வந்திருக்கலாம். அல்லது பரிசோதனைக்கே வராத மூன்றாம் ஒருவரிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம். நோய் முதலில் கண்டறியப்பட்டவரே தொற்றை முதலில் பெற்றவர் என்று கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. முதலில் மருத்துவமனைக்கு வந்தவர் அவர் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அவர் வந்ததால்தான் மற்றவரின் நோயும் வெளிப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே மரபணுச் சான்று பழி சுமத்துவதற்கான கருவி அன்று. பொருந்தாத வேறுபாடுகளைக் காட்டி, ஒருவர் மீது சுமத்தப்பட்ட வீண்பழியை அது நீக்கக்கூடும். ஆனால் "இவரே காரணம்" என்று ஒருவரைச் சுட்டும் ஆற்றல் அதற்குத் தனியாக இல்லை. அதனாலேயே தொற்று ஆய்வாளர்கள் நோய் தொடங்கிய காலம், பழகிய இடம், சளிப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை அதனோடு சேர்த்தே நோக்குகின்றனர். தனிமனிதரின் பெயரை வெளியிடுவது அவர்கள் வேலை அன்று; அடுத்த தொற்றைத் தடுப்பதே அவர்கள் வேலை.

உங்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைகள்

முழு ஏட்டையும் படிக்கும் பரிசோதனை எல்லா நோயாளிகளுக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் ஏட்டின் முக்கியமான வரிகளைப் படிக்கும் பரிசோதனை காசநோய் ஐயமுள்ள ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது. சிபிநாட், ட்ரூநாட் என்று நீங்கள் கேள்விப்படும் சளிப் பரிசோதனைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஓரிரு மணி நேரத்தில் கிருமி உள்ளதா என்பதையும், ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் உள்ளதா என்பதையும் காட்டுகின்றன. எல்.பி.ஏ. என்னும் பரிசோதனை ஐசோனியசிட் முதலிய மருந்துகளுக்கு எதிரான மாற்றங்களையும் சில நாட்களில் காட்டும். கிருமியை வளர்த்து மருந்தோடு சேர்த்துப் பார்க்கும் பழைய பரிசோதனைக்குப் பல வாரங்கள் வேண்டும். எனினும் சில மருந்துகளுக்கு அது இன்றும் தேவைப்படுகிறது.

எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பயன்படாது என்பதைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. 38,000க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஆராய்ந்து உருவானது அது. இதன் பயன் நோயாளிக்கு நேரடியானது. பயன்படாத மருந்தைப் பல மாதம் உண்டு துன்புறாமல், முதலிலேயே பொருத்தமான மருந்தைத் தொடங்க முடிகிறது.

எதிர்ப்பு உள்ளது என்று முடிவு வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முன்பு இதற்கு 18 மாதங்களுக்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. வலிமிகுந்த ஊசிகளும் உண்டு. இன்று தகுதியுள்ளவர்களுக்குப் பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் மாத்திரையாகவே கொடுத்து 6 மாதங்களில் சிகிச்சையை முடிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆனால் இப்புதிய மருந்துகளை எதிர்க்கும் மரபணு மாற்றங்களும் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன. கையில் உள்ள மருந்துகளைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு.

குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்

நோயாளியை வீட்டைவிட்டு ஒதுக்க வேண்டியதில்லை. இதை உலகுக்கு நிறுவிக் காட்டியது சென்னையே. 1956இல் இங்குத் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. தொற்று பெரும்பாலும் நோய் அறியப்படுவதற்கு முன்பே பரவுகிறது. பயனுள்ள சிகிச்சை தொடங்கியதும் பரவும் ஆற்றல் விரைந்து குறைகிறது. அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னையில் இயங்கிவருகிறது.

இவற்றைக் கருத்திற் கொண்டு பின்வருவனவற்றைச் செய்ய வேண்டுகிறோம்.

1. சிகிச்சை தொடங்கும் முன்பே சளி மாதிரியைக் கொடுங்கள். அதிகாலையில், ஆழ்ந்து இருமி எடுத்த சளியே பயன்படும், எச்சில் பயன்படாது.

2. உங்கள் கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. பரிசோதனைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். முன்பு உண்ட மருந்துகளின் விவரத்தை மறைக்காதீர்கள்.

3. வாந்தி, கண் மஞ்சளாதல், பார்வை மங்கல், கை கால் எரிச்சல் முதலியவை தோன்றினால் உடனே எங்களிடம் வாருங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். நான்கில் ஒன்றை மட்டும் நீங்களாக ஒதுக்கிவிடாதீர்கள்.

4. வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதலில் அழைத்து வாருங்கள். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படும். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளியின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைப் பொறுத்தது.

5. தொற்று காற்றின் வழியாகவே பரவுகிறது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். தொடக்க வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணியட்டும்; இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். தட்டையும் டம்ளரையும் துணியையும் தனியாக வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. நோயாளியின் மனம் புண்படுவதே மிச்சம்.

6. எங்கள் பணியாளர்கள் "அண்மையில் யார் யாருடன் பழகினீர்கள்?" என்று கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பெயர் குற்றவாளியின் பெயராக எழுதப்படுவதில்லை. இருமலோடு இன்னும் மருத்துவமனைக்கு வராத ஒருவரை உரிய காலத்தில் காப்பாற்றும் பெயராக அது இருக்கலாம்.

நோய் யாரிடமிருந்து வந்தது என்று முடிவில்லாமல் எண்ணிக் கொண்டிருப்பதைவிட, இனி யாருக்கும் செல்லாமல் தடுப்பது எப்படி என்று எண்ணுவதே குடும்பத்துக்கு நன்மை தரும். அதற்குத் தேவையானவை உரிய பரிசோதனை, முழுமையான சிகிச்சை, உடனிருப்போரின் பரிவு ஆகிய மூன்றே. முதல் இரண்டை மருத்துவமனை தரும். மூன்றாவதை நீங்கள்தான் தர வேண்டும்.